தம்பியின் பிடரி

துக்கம் விசாரிக்க வந்த சினிமாக் கம்பெனி மானேஜர் சீனுவாசன், செத்தவனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செத்தவனுடைய தம்பியின் பிடரியைத்தான் பார்த்தார். அம்சவள்ளி அதைக் கவனித்துவிட்டாள். புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்தவளுக்கு அந்த நேரத்தில் கண் மட்டும் எப்படி அத்தனை கூர்மையாக வேலை செய்தது என்று பிற்பாடு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை. விழுப்புரத்துப் பக்கம் காணையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்த ஊருக்கு ஒரு கார் வந்ததே பெரிய சங்கதி. சேற்றில் சிக்கிய காரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் எழவு வீட்டுக்கு வந்தவர்கள். மானேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இறங்கினார். நேராகச் செத்தவனின் தம்பி ஆதிநாராயணனிடம் போய், “தம்பி, கொஞ்சம் திரும்புங்க” என்றார். அவன் திரும்பினான். “அப்பிடியே நாலடி நடங்க.” நடந்தான். எதற்கென்று கேட்கவில்லை. கேட்காமலே அவனுக்குப் புரிந்திருந்தது. அதுதான் அசிங்கம்.

செத்துக் கிடந்த விருத்தாசலத்துக்கு முப்பத்தாறு வயது. விழுப்புரத்து நாடகக் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷம் வேஷம் கட்டியவனைக் கடைசியில் பட்டணத்துச் சினிமாக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. கதாநாயகனுக்கு அண்ணன் வேஷம். படம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது மஞ்சள்காமாலை கண்டது. ஊருக்குப் போய் மருந்து சாப்பிட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறான். “கறுப்பு வெள்ளைப் படம்தானய்யா, கண்ணு மஞ்சளா இருந்தா எவனுக்குத் தெரியப்போவுது” என்று சொல்லி, முகத்தில் இன்னொரு பூச்சு பவுடர் அப்பி நிற்க வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாள். நிற்க முடியாமல் போனதும் எழும்பூரில் பாசஞ்சர் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கைபோலச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அம்சவள்ளி சிரிக்கவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், மோர்ச்சோறு பிசைந்து ஊட்டினாள், வேண்டாத சாமியில்லை. ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

போவதற்கு முதல் நாள் தெளிவாகத்தான் பேசினான். “எனக்கு ஆம்பளப் புள்ள இல்லன்னு நீ மனசு ஒடியாத. தம்பி கீறான். அவன் கையால கொள்ளி வாங்கிக்கினு போயிட்றேன். அது போதும் எனக்கு” என்றான். பெற்ற தாயோடு பக்கத்தில் நின்று கேட்ட ஆதிநாராயணன் முந்தானை கிடைக்காத குழந்தைபோல அழுதான். அப்பன் செத்தபோது அவனுக்கு ஆறு வயது. அண்ணன்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நாடகத்துக்குப் போய், மேடைக்குப் பின்னால் படுதாவைச் சுருட்டி அதன்மேல் தூங்க வைத்து வளர்த்தான். அந்தக் கடனை அடைக்கிறதற்கு அவனிடம் கேட்டது ஒரு கொள்ளி, ஒரு மொட்டை. அவ்வளவுதான் கேட்டான்.

கொள்ளி வைக்கிறவன் தலையையும் மீசையையும் மழித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரியாரி காலையிலேயே வந்து கத்திப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் மானேஜர் பதறிப்போனார்.

“மொட்டையா? ஐயய்யோ! அதெல்லாம் கூடாதுங்க. இன்னும் நாலு நாள் வேலை பாக்கியிருக்கு. முகம் தெரிய வேணாம், எல்லாம் பின்னாலேர்ந்து எடுக்கறதுதான். அண்ணன் நடந்து போறமாதிரி, ஜன்னலண்ட நிக்கிறமாதிரி. தம்பிக்கு அதே தோளு, அதே கழுத்து, அதே முடி. சாமி குடுத்தமாதிரி அமைஞ்சிருக்கு.”

பிணத்துக்கு மூன்று முழம் தள்ளி நின்றுகொண்டு சொன்னார். சாமி கொடுத்ததாம்!

அம்சவள்ளி எழுந்தாள். பெண்கள் பிடித்து இழுத்தார்கள், உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மானேஜரிடம் அவள் பேசவில்லை. கொழுந்தனிடம்தான் பேசினாள்.

“தம்பி, உங்க அண்ணன் உன்ன இன்னா கேட்டாரு? நேத்து மத்தியானம் கேட்டதுதான? மறந்துபூட்டியா?”

ஆதிநாராயணன் தரையைப் பார்த்தான். அவன் தலைமயிரில் ரொம்பப் பிரியம் வைத்திருந்தவன். தேங்காயெண்ணெய் தடவி முன்னால் சுருட்டி விட்டுக்கொள்வதற்கே தினமும் அரை மணி நேரம் ஆகும். “அண்ணனுக்காவத்தான் அண்ணி சொல்றேன்” என்றான். “படம் நின்னுபூட்டா அண்ணன யாரு பாக்கப்போறாங்க?”

“டோப்பா வச்சிக்க முடியாதா? பொட்டியில நாலு கெடக்குதே.”

“விக்கு வச்சா பின்னாலேர்ந்து பளிச்சுனு தெரிஞ்சிடும்மா” என்று மானேஜர் குறுக்கே விழுந்தார். “இவரு இல்லன்னா நாங்க வேற ஆள வச்சி மொதல்லேர்ந்துதான் எடுக்கணும். உங்க வீட்டுக்காரரு நடிச்சதெல்லாம் குப்பையிலதான் போவும். அப்புறம் உங்க இஷ்டம்.”

அம்சவள்ளி புருஷனின் உடம்பைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இதுவரை புருஷனைத் திரையில் பார்த்ததில்லை. அவன் நடக்கிறது, திரும்பிப் பார்க்கிறது, சிரிக்கிறபோது இடது கன்னம் மட்டும் குழிகிறது, எல்லாம் பட்டணத்தில் எங்கேயோ ஒரு டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. இன்னும் இரண்டு நாழிகையில் இந்த உடம்பு சாம்பல். அந்த டப்பாவும் குப்பைக்குப் போய்விட்டால்? ஒரு நிமிஷம் சும்மா நின்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் பிறகு தன்னைத் தானே எத்தனையோ தடவை காறித் துப்பிக்கொண்டாள். ஏனென்றால் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“அப்ப கொள்ளி யாரு வெக்கிறது?” என்று மாமியார் குப்பம்மாள் ஒப்பாரியை நிறுத்திக் கேட்டாள்.

பங்காளி பச்சைமுத்து முன்னால் வந்தார். எழுபது வயது. வரப்புத் தகராறில் விருத்தாசலத்தோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டு அந்தப் பக்கம் போகிறவர். காரில் வந்த மனுஷர் எதிரில் பெரியதனம் காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாரா? துண்டை எடுத்துத் தன் தலையைக் காட்டினார். வெண்கலச் சொம்பு மாதிரி வழவழவென்று இருந்தது.

“நான் வெக்கிறேன். என் தலையில சாமியே மொட்டை போட்டுக்கீறாரு. இன்னா கொறச்சல்?”

எழவு வீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். சத்தியமாகச் சிரித்தார்கள்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. தெரு முனையோடு நின்றுவிட்டாள் அம்சவள்ளி. கொள்ளிச் சட்டியைப் பச்சைமுத்து தூக்கிக்கொண்டு போக, கூடவே ஆதிநாராயணன் சீவின தலை கலையாமல் குடை பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தாள். மற்றதெல்லாம் பிறகு காதில் விழுந்தது. பரியாரி பேருக்கு ஒரு கை தண்ணீர் தெளித்து, மயிரில்லாத மண்டையில் கத்தியை ஒரு இழுப்பு இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கத்தியைக் கழுவினாராம். “இத்தினி வருஷத்துல தோலுக்குக் கத்தி வச்சது இன்னிக்குத்தான்” என்றாராம். அந்தக் கூட்டத்தில் வெட்கப்பட்டவர் அவர் ஒருத்தர்தான் போலிருக்கிறது.

மறுநாள் பால் தெளித்த ஈரம் காயவில்லை, ஆதிநாராயணன் விழுப்புரத்தில் ரயிலேறிவிட்டான். பதினாறாம் நாள் கருமாதிக்கும் வரவில்லை. எள்ளுருண்டை பிடித்துப் பிண்டம் வைத்ததும் பச்சைமுத்துதான். அன்றைக்குத்தான் அவள் தாலியைக் கழற்றினார்கள். அதற்கும் அவன் இல்லை.

தை மாதம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் வாசலில் வந்து நின்றான். அம்சவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். அப்புறம் அவன் தலையைப் பார்த்தாள். முழுக்க மழித்து, இப்போதுதான் முள் முள்ளாக முளைத்திருந்தது. மீசையும் இல்லை.

“பதினாறாம் நாளு என்னால வர முடியல அண்ணி. அன்னிக்கிக் காலையிலதான் பாக்கி ஷூட்டிங்கு முடிஞ்சிது. நேரா கடற்கரைக்குப் போனேன். மொட்டை அடிச்சிக்கினு, கடல்ல முழுகி, அண்ணன் பேர சொல்லி எள்ளும் தண்ணியும் எறச்சேன். இங்க செய்யாதத அங்க செஞ்சேன்.” சொல்லிவிட்டு அவள் காலில் விழுந்தான்.

இரண்டரை மாதமாக அவளுக்குள் புழுத்துக்கொண்டிருந்த வெறுப்பு அப்படியே கரைந்துபோனது. அந்த முள் தலையை இரண்டு கையாலும் தடவித் தடவி அழுதாள். நல்ல நெய் ஊற்றிச் சோறு போட்டாள். புருஷனின் கைக்கடிகாரத்தை எடுத்து அவன் கையில் தானே கட்டிவிட்டாள். அடுத்த ஐப்பசியில் தலைத்திதிக்கு அவனையே உட்காரவைத்துச் செய்யச் சொன்னாள். பச்சைமுத்து முறைத்தார். முறைக்கட்டுமே, உடன்பிறந்தவன் செய்கிறபோது அவருக்கென்ன வேலை? திதி முடிந்த அன்றைக்கு ராத்திரி வெகு நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அறுபதாம் வருஷம் மாசியில் படம் வந்தது. விழுப்புரத்துக்கு வருவதற்கு முன்னால் திண்டிவனத்துக்கு வந்துவிட்டது. அம்சவள்ளி அப்போது மகள் ஜெயத்தோடு திண்டிவனத்தில் தன் தாய் வீட்டில் இருந்தாள். அறுத்தவள் சினிமாக் கொட்டகைக்குப் போகலாமா என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். “என் புருஷனப் பாக்க நான் போறேன். எவகிட்ட கேக்கணும்?” என்று சொல்லிவிட்டுப் பகல் ஆட்டத்துக்குக் கிளம்பினாள். ஊரிலிருந்து மாமியார் குப்பம்மாளும் பச்சைமுத்துவும் இன்னும் இருபது முப்பது பேரும் முண்டியம்பாக்கத்தில் ரயிலேறி வந்து சேர்ந்திருந்தார்கள். வாசலில் ஆதிநாராயணன் மாப்பிள்ளை மாதிரி நின்றான். மயிர் நன்றாக வளர்ந்து, முன்னால் சுருள் விழுந்திருந்தது. கையில் அந்தக் கடிகாரம். “அண்ணி, உள்ள போய்ப் பாருங்க, உங்களுக்கு ஒரு சேதி வச்சிருக்கேன்” என்றான்.

விளக்கு அணைந்தது. மூன்றாவது காட்சியிலேயே விருத்தாசலம் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாசற்படியில் இறங்கி வந்தான், அவ்வளவுதான். “அப்பா!” என்று ஜெயம் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினாள். அம்சவள்ளிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதோ நடக்கிறான். இதோ இடது கன்னம் குழிகிறது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பார்த்தாள். போகப் போக ஒரு காட்சியில் அவன் தூணில் சாய்ந்துகொண்டு பேசினான். அடுத்ததிலும் சாய்ந்துதான் நின்றான். நிற்க முடியாத அந்தப் பன்னிரண்டு நாள் இதுதான் என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது. கண் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவர்கள் சொன்னது சரிதான், மஞ்சள் தெரியவேயில்லை.

அதற்கப்புறம் ஒரு தடவை ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு கதவைத் தாண்டிப் போனான். அது அவனில்லை. அண்ணன் நடை தம்பிக்கு வரவில்லை. குழந்தைக்குக்கூடத் தெரிந்தது. “அப்பா ஏம்மா சித்தப்பா மாதிரி நடக்கறாரு?” என்றது.

உடனே தந்தி வந்தது. அண்ணன் இறந்துவிட்டான் என்று கதாநாயகி படித்துவிட்டு விழுந்தாள். அடுத்தது சுடுகாடு. மாலை போட்ட பாடை, மூடின துணி. அதன் பக்கத்தில் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆதிநாராயணன். படத்தில் அதுவரைக்கும் எட்டிப் பார்க்காத இன்னொரு தம்பியாம். ஒரு நாவிதர் கத்தியைத் தீட்டினார். சுருள் சுருளாக மயிர் மடியில் விழுந்தது. மீசை போனது. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். முகம் மட்டும் திரை பூராவும் நிறைந்து நின்றது. “அண்ணா, உன்னைக் கரையேற்றாமல் எனக்கு இந்தத் தலை எதற்கு?” என்று அவன் கதறியபோது கொட்டகையே மூக்கைச் சிந்தியது. முன் பெஞ்சில் பச்சைமுத்து மாரில் அடித்துக்கொண்டு, “கூடப்பொறந்தவன்னா இப்பிடி இருக்கணும்யா!” என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார். கொள்ளி வைத்த கிழவருக்கு அதைச் சொல்ல நாக்கு எப்படித்தான் வந்ததோ.

அம்சவள்ளி அழவில்லை. பதினாறாம் நாள் மழித்த தலையில் தை மாதத்தில் மயிர் அவ்வளவு குட்டையாகவா இருக்கும் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளங்கை இரண்டையும் சேலையில் துடைத்தாள். அந்தத் தலையைத் தடவின கை. துடைத்துக்கொண்டே இருந்தாள், படம் முடிகிறவரைக்கும்.

வெளியே வந்தபோது நல்ல வெயில். ஆதிநாராயணன் கழுத்தில் எவனோ ஒரு சாமந்தி மாலையைப் போட்டிருந்தான். ஊர்க்காரர்கள் சுற்றி நின்று அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அம்சவள்ளியைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

“பாத்தீங்களா அண்ணி? எப்பிடி இருந்திச்சி? பின்னாலேர்ந்து எடுத்தது சரியா வரலன்னு டைரக்டரு கதையையே மாத்திட்டாரு. ஹீரோவுக்குக் கையில இன்னும் மூணு படம், அவரு மொட்டை அடிச்சிக்க மாட்டேன்னுட்டாரு. டைரக்டரு என்னப் பாத்தாரு. நான் உடனே சரின்னுட்டேன்.”

“எப்ப எடுத்தாங்க?”

“மார்கழி கடைசியில.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்குப் புரிந்தது.

“அப்ப கடற்கரையில எள்ளும் தண்ணியும் எறச்சது?” என்றாள் அம்சவள்ளி.

அவன் கழுத்து மாலையைச் சரிசெய்தான்.

“போன ஐப்பசியில அவருக்குத் திதி குடுத்தியே, எந்தக் கையால குடுத்த?”

“அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான அடிச்சிக்கின? அந்தப் பாடையில யாரு படுத்திருந்தது?”

“யாரும் இல்ல அண்ணி.”

“துணிக்குள்ள இன்னா இருந்திச்சி? அத்தச் சொல்லு.”

“வைக்கோலு” என்றான் மெதுவாக. “தலைக்கு ஒரு தலகாணி.” பிறகு அவசரமாக அவள் பக்கம் குனிந்தான். “ஆனா அழுதது நெசம் அண்ணி. அண்ணன நெனச்சிக்கினுதான் அழுதேன். அதான் அவ்ளோ நல்லா வந்திச்சி. டைரக்டரே கை தட்டினாரு.”

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அண்ணனுக்கென்று அவனிடம் கண்ணீர் இருந்திருக்கிறது. பெற்றவளும் பெண்டாட்டியும் பார்க்க, அண்ணனின் உடம்புக்குப் பக்கத்தில் கொட்ட வேண்டியதை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய் வைக்கோல்மேல் கொட்டியிருக்கிறான்.

“பெத்த தாயி முன்னால அவரு கேட்டாரு” என்றாள். அவள் குரல் உயரவில்லை. “அவருக்கு இல்லன்னுட்டு வைக்கப்புல்லுக்குக் குடுத்த. தூ!”

கொட்டகைக்கு எதிரே சோடாக் கடையை ஒட்டி ஓர் அடிகுழாய் இருந்தது. அம்சவள்ளி அங்கே போனாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, கட்டின சேலையோடு குழாய்க்குக் கீழே குந்தி உட்கார்ந்தாள்.

“ஜெயம், அடிம்மா.”

குழந்தை மிரண்டுபோய் எல்லோர் முகத்தையும் பார்த்தது. “அடின்னா அடி” என்றாள். ஜெயம் இரண்டு கையாலும் தொங்கித் தொங்கி அடித்தது. தண்ணீர் தலையில் கொட்டியது. ஆட்டம் விட்டு வந்த கூட்டம் சுற்றி நின்றது. சாவுச் சேதி கேட்டவர்கள்தான் அப்படிக் கட்டின துணியோடு தலை முழுகுவார்கள். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

குப்பம்மாளுக்குத்தான் முதலில் உறைத்தது. “அடியே பாவி!” என்று ஓடி வந்து மருமகள் கையைப் பிடித்து இழுத்தாள். “எம்புள்ள உசுரோட நிக்கிறான்டி! உசுரோட நிக்கிறவனுக்கு முழுகுறியேடி!”

“உங்களுக்கு நிக்கிறான் அத்த” என்றாள் அம்சவள்ளி, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல். “எனக்கு இன்னிக்குத்தான் சேதி வந்திச்சி.”

மூன்று சொம்பு அளவு கொட்டினதும் எழுந்தாள். தலையைப் பிழிந்து முடிந்துகொண்டாள். மாலையோடு நின்றவன் பக்கம் திரும்பவில்லை. ஜெயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சேலை காலைத் தடுக்க, தன் தாய் வீட்டுத் தெருவைப் பார்த்து நடந்தாள்.